‘லாம்’ எங்கே சறுக்குகிறது: மே, மைட், குட், டவுட் குழப்பங்களுக்கு அறிகுறி பார்த்துத் திருத்தம்

நடக்கலாம், நடந்திருக்கலாம், நடக்காமலும் போகலாம். தமிழில் தானாக வாயில் வந்துவிடும் இந்தப் பேச்சு, ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மட்டும் கையைக் கட்டிப்போடுகிறது. மற்றவர்கள் எழுதிய ஆங்கில மின்னஞ்சல்களையும் அறிக்கைகளையும் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. மற்றபடி பிழையே இல்லாமல் எழுதுகிறவர்கள்கூட இந்த ஒரு இடத்தில் வந்து தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

காரணம் ஆங்கிலத்தில் இல்லை, நம் ‘லாம்’ விகுதியில் இருக்கிறது. ‘நீங்கள் போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் ஊகம். ‘வா, சாப்பிடலாம்’ என்றால் அழைப்பு. ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’ என்றால் மனத்தாங்கல். ஒரே ஆள் நாலு வேலை பார்க்கிறான். ஆங்கிலம் ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு ஆளை வைத்திருக்கிறது. அதனால் ‘மேயா, மைட்டா, கேனா’ என்று ஆங்கிலத்துக்குள்ளேயே துழாவினால் விடை சிக்காது. சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த ‘லாம்’ அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போய்விடலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ‘குட்’ என்று நான் எழுதும் இடமெல்லாம் கேனின் இறந்தகாலம். நல்லது என்கிற குட் இல்லை.

அறிகுறி: ‘மேபி’ சேர்த்து எழுதுவதா, ‘மே பீ’ என்று பிரிப்பதா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம்

அந்தச் சொல்லை வாக்கியத்திலிருந்து தூக்கிவிட்டுப் பாருங்கள். ‘மேபி ஷி இஸ் ஸ்லீப்பிங்’ என்பதில் அதை எடுத்தாலும் ‘ஷி இஸ் ஸ்லீப்பிங்’ என்று வாக்கியம் நிற்கிறது. ஆகவே சேர்த்து எழுத வேண்டும். அது நம் ‘ஒருவேளை’. ‘ஷி மே பீ ஸ்லீப்பிங்’ என்பதில் எடுத்தால் ‘ஷி ஸ்லீப்பிங்’ என்று வினை இல்லாமல் நொண்டுகிறது. ஆகவே பிரித்து எழுத வேண்டும்; அது ‘தூங்கிக்கொண்டிருக்கலாம்’ என்பதில் வரும் ‘இருக்கலாம்’. யாராவது கேள்வி கேட்டு, நீங்கள் ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினால் எப்போதும் சேர்த்துத்தான்.

மேபி பேச்சு வழக்கு. அலுவலகக் கடிதத்தில் ‘பெர்ஹாப்ஸ்’ போட்டால் கொஞ்சம் சட்டை மடிப்போடு இருக்கும். பெர்ஹாப்ஸில் இருக்கும் ‘ஹாப்’ தற்செயலையும் அதிர்ஷ்டத்தையும் குறித்த பழைய சொல். ஹேப்பன், மிஸ்ஹேப், ஹேப்பி எல்லாம் அதன் வழியில் வந்தவைதான்.

அறிகுறி: ‘ஐ டவுட்’ என்று எச்சரித்தீர்கள், எதிராளி நிம்மதியாகப் போய்விட்டார்

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். மற்றவை கேட்பவரைச் சிரிக்க வைக்கும். இது நேர் எதிர்ப் பொருள் தரும்.

என் கதை. ஒரு சர்வரில் வட்டு மெதுவாகிக்கொண்டே வந்தது. பழுதாகப் போகிறது என்று எனக்குப் பட்டது. வேறொரு நாட்டில் இருந்த சக ஊழியருக்கு எழுதினேன்: ‘ஐ டவுட் த டிஸ்க் இஸ் ஃபெயிலிங்’. பதில் வந்தது: ‘குட் டு நோ, தேங்க்ஸ்’. (இது மட்டும் நல்ல குட்.) நல்லது என்று சொல்கிறாரே, புரிந்துகொண்டார் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு நாளில் வட்டு போனது. ‘பழுதில்லை என்றுதானே நீ எழுதியிருந்தாய்’ என்று அவர் என் வரியையே எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். ஆங்கிலத்தில் ‘ஐ டவுட் இட் இஸ் ஃபெயிலிங்’ என்றால் ‘பழுதாகிறது என்று நான் நம்பவில்லை’ என்று பொருள். நான் சொல்ல வந்ததற்கு ‘ஐ சஸ்பெக்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

தமிழில் இரண்டுக்கும் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல். ஆனால் அதற்கு முன்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள், அங்கே தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘அவர் வருவாரா என்பது சந்தேகம்’ என்று ஆகாரம் போட்டால், வரமாட்டார் என்ற பக்கம் சாய்கிறீர்கள். ‘அவர் வந்துவிடுவாரோ என்று சந்தேகம்’ என்று ஓகாரம் போட்டால், வருவார் என்ற பக்கம் சாய்கிறீர்கள். ஆ என்றால் டவுட், ஓ என்றால் சஸ்பெக்ட். வட்டு ‘பழுதாகிறதோ’ என்றுதான் நான் மனதுக்குள் நினைத்தேன். அந்த ஓகாரத்தைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

சஸ்பெக்ட் என்றதும் காவல் நிலையம் நினைவுக்கு வந்து சிலர் தயங்குகிறார்கள். வினையாக வரும்போது அதில் குற்றம் எதுவும் வேண்டியதில்லை. ‘ஐ சஸ்பெக்ட் ஷி லைக்ட் இட்’ என்றால் ‘அவளுக்குப் பிடித்திருந்தது போலத் தெரிகிறது’, அவ்வளவுதான்.

இதன் கிளை ஒன்று: ‘ஐ ஹேவ் எ டவுட்’. இந்திய ஆங்கிலத்தில் ‘எனக்கு ஒரு கேள்வி’ என்பதற்கு இது சகஜம், உள்ளுக்குள் யாருக்கும் குழப்பமில்லை. வெளியாட்களிடம் சொன்னால், சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று முகம் மாறும். ‘க்வெஸ்டியன்’ என்று மாற்றினால் முடிந்தது.

அறிகுறி: ‘இட் கேன் ரெயின் டுமாரோ’ என்றால் எல்லாரும் புருவம் உயர்த்துகிறார்கள்

கேன் என்பது பொதுவாக நடக்கக்கூடிய இயல்பைச் சொல்லும். குறிப்பிட்ட ஒரு நாள், ஒரு ஆள், ஒரு சம்பவம் பற்றிய ஊகத்துக்கு அது வராது. அங்கே மே, மைட், குட் மூன்றில் ஒன்று.

சோதனை: ‘உண்டு’ போட்டுப் பாருங்கள். ‘தேர்ந்த ஓட்டுநர்களும் தவறு செய்வதுண்டு’ என்பது பொருந்துகிறது. ‘ஈவன் எக்ஸ்பர்ட் டிரைவர்ஸ் கேன் மேக் மிஸ்டேக்ஸ்’ சரி. ‘பாலைவனத்தில் இரவில் உறைபனி விழுவதுண்டு’ பொருந்துகிறது, அங்கும் கேன். ‘நாளை மழை பெய்வதுண்டு’ என்று யாரும் சொல்லமாட்டோம். ஆகவே கேனுக்கு அங்கே இடமில்லை. எதிர்மறையில் மட்டும் இந்த விதி தளரும். ‘இட் கான்ட் பீ ட்ரூ’ என்று ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம்: ‘அது உண்மையாக இருக்க முடியாது’.

கேள்வியில் இன்னொரு பொறி. ‘மழை வருமா?’ என்பதற்கு ‘மே இட் ரெயின்?’ என்று கேட்க முடியாது. மே முன்னால் வந்தால் ஒன்று அனுமதி கேட்பது, அல்லது ‘வாழ்க, வளர்க’ என்று வாழ்த்துவது. மழை வேண்டிப் பிரார்த்தனை செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘குட் இட் ரெயின்?’ அல்லது ‘இஸ் இட் லைக்லி டு ரெயின்?’ என்று கேளுங்கள்.

அறிகுறி: மே 50 சதவீதம், மைட் 30 சதவீதம் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது

மறந்துவிடுங்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. மைட் ஒரு நூல் இழை மெலிது என்று சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. அன்றாடப் பேச்சில் மைட்தான் அதிகம் காதில் விழும். எழுத்தில் மே கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அனுமதி என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ‘த ஸ்டாஃப் மே லீவ் எர்லி’ என்றால் சீக்கிரம் போகக்கூடும் என்பதா, போகலாம் என்று அனுமதித்திருக்கிறார்களா? அனுமதி வாசனை வேண்டாம் என்றால் மைட் போடுங்கள்.

இரண்டும் உண்மையிலேயே பிரியும் இடங்கள் இரண்டு. ஒன்று, மைட் முதலில் மேயின் இறந்தகாலம். ஆகவே அவர் சொன்னதை நீங்கள் எடுத்துச் சொல்லும்போது: ‘ஹி செட் ஹி மைட் கம்’. இரண்டாவது, அடுத்த அறிகுறி.

அறிகுறி: ‘வந்திருக்கலாம்’, ‘சொல்லியிருக்கலாம்’ என்பதை எழுதினால், குறைப்பட்டது ஊகமாகவும் ஊகித்தது குறையாகவும் போய்ச் சேருகிறது

இங்கேதான் ‘லாம்’ தன் முழு வித்தையையும் காட்டும்.

‘அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கலாம், எதற்கும் கேட்டுப் பாருங்கள்.’ இது ஊகம். சொன்னாரா இல்லையா, நமக்குத் தெரியாது. மே ஹேவ், மைட் ஹேவ், குட் ஹேவ் மூன்றும் செல்லும்.

‘அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.’ இது மனத்தாங்கல். சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியும். குட் ஹேவ் செல்லும். மைட் ஹேவ் செல்லும். மே ஹேவ் செல்லாது.

சோதனைக்கு வாக்கியத்தின் வாலில் ‘ஆனால் சொல்லவில்லை’ என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் மேயை வெளியே அனுப்பிவிடுங்கள். இதன் கூர்மை உயிர் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் தெரியும். ‘ஹி மே ஹேவ் ட்ரவுண்ட்’ என்றால் ஆற்றில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ‘ஹி மைட் ஹேவ் ட்ரவுண்ட்’ என்றால், இடத்தைப் பொறுத்து, ‘நல்லவேளை, மூழ்கிப் போயிருப்பான்’ என்று கரையேறியவனுக்குத் துண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இப்போது இரண்டுக்கும் மே ஹேவ் எழுதுகிறார்கள் என்பது உண்மை. அவர்கள் எழுதினால் வழக்கு என்பார்கள், நாம் எழுதினால் பிழை என்பார்கள். தள்ளி நிற்பதே நல்லது.

‘ஷுட் ஹேவ்’ இதில் சேராது. அது ‘சொல்லியிருக்க வேண்டும்’. குட் ஹேவ் உதட்டைச் சுழிக்கும்; ஷுட் ஹேவ் விரலை நீட்டும்.

இதே இடத்தில் ஒரு எழுத்துப் பிழையும் உண்டு: ‘குட் ஆஃப்’. குட் ஹேவ் சுருங்கி ‘குடவ்’ என்று ஒலிப்பதால் அதைக் காதால் கேட்டு ஆஃப் என்று எழுதிவிடுகிறார்கள். இது ஆங்கிலத்தவர்கள்தான் அதிகம் செய்யும் பிழை. புத்தகம் வழியாக மொழி கற்றவர்கள் தப்பிவிடுவோம்.

அறிகுறி: ‘ஐ குட் கேட்ச் த ட்ரெயின்’ என்று எழுதினீர்கள், ‘பிடித்தாயா இல்லையா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள்

‘ரயிலைப் பிடிக்க முடிந்தது’ என்று சொல்ல வந்தீர்கள். ஒரு தடவை, ஒரு காரியம், வெற்றி. அதற்கு குட் ஆகாது; ‘ஐ வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘ஐ மேனேஜ்ட் டு’. குட் இறந்தகாலத்தில் பொதுத் திறமையைத்தான் சொல்லும்: ‘ஐந்து வயதிலேயே நீந்துவேன்’ என்பது ‘ஐ குட் ஸ்விம் அட் ஃபைவ்’. முடியவில்லை என்றால் கவலையே இல்லை, ‘ஐ குடன்ட் கேட்ச் த ட்ரெயின்’ சரி. பார்ப்பது, கேட்பது, முகர்வது போன்ற புலன் வினைகளுக்கும் குட் தாராளமாக வரும்.

அறிகுறி: ‘மே நாட்’ என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டீர்கள்

‘விசிட்டர்ஸ் மே நாட் யூஸ் திஸ் டோர்’ என்றால் ‘பார்வையாளர்கள் இந்தக் கதவைப் பயன்படுத்தாமல் இருக்கலாம்’ அல்ல, ‘பயன்படுத்தக் கூடாது’. ஆனால் ‘ஷி மே நாட் கம்’ என்றால் பெரும்பாலும் ‘வராமல் போகலாம்’. யார் பேசுகிறார், விதி வகுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதுதான் தீர்மானிக்கும். நீங்கள் எழுதும்போது ஊகத்துக்கு ‘மைட் நாட்’, தடைக்கு ‘மஸ்ட் நாட்’ என்று வைத்துக்கொண்டால் சிக்கலே எழாது.

இந்தச் சிக்கல் தொழில்நுட்ப உலகத்தையும் விட்டுவைக்கவில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலைகளை எழுதுவதற்கான விதிகளில் மே என்றால் அனுமதி மட்டும், கேன் என்றால் சாத்தியமும் திறனும் மட்டும் என்று பிரித்தே வைத்துவிட்டார்கள். இணைய நெறிமுறைகளுக்கு 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 ஆவணம், மே என்றால் ‘செய்தாலும் சரி, விட்டாலும் சரி’ என்று வரையறுத்தது. ஆனால் சாதாரண வாக்கியத்தில் வரும் மேயையும் அப்படியே படிப்பதா என்ற குழப்பம் மிஞ்சியது. அதனால் 2017இல் ஆர்எஃப்சி 8174 வந்து, முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்த வரையறை என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. மூன்றெழுத்துச் சொல்லைக் கட்டிப்போட இருபது வருடம்.

அறிகுறி: ‘ஹி வுட் பீ அட் ஹோம்’ என்றால் ‘எப்போது? எந்த நிபந்தனையில்?’ என்கிறார்கள்

‘இந்நேரம் வீட்டில் இருப்பார்’ என்பதன் நேரடி நகல் இது. வுட் என்று கேட்டதும் ஆங்கிலக் காது ஒரு ‘என்றால்’ வரும் என்று காத்திருக்கும். அது வராததால் குழப்பம். நிச்சயமாகச் சொல்கிறீர்களா? ‘ஹி வில் பீ’. தடயத்தை வைத்துச் சொல்கிறீர்களா, விளக்கு எரிகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது என்று? ‘ஹி மஸ்ட் பீ’. வழக்கமாக வரும் நேரம் ஆயிற்று என்றா? ‘ஹி ஷுட் பீ’.

மஸ்ட்டின் எதிர்மறையில் கவனம். ‘வீட்டில் இருக்க வாய்ப்பே இல்லை’ என்பதற்கு ‘ஹி கான்ட் பீ அட் ஹோம்’ என்பதே பாதுகாப்பு. ‘மஸ்ட் நாட் பீ’ என்று அமெரிக்கர்கள் ஊகத்துக்கும் சொல்வார்கள். பிரிட்டிஷ் காதுக்கு அது தடை உத்தரவு போல விழும்.

அறிகுறி: ‘ஐ ஆம் நாட் பாசிபிள் டு அட்டெண்ட்’

பாசிபிள், பிராபபிள் இரண்டும் மனிதர் மேல் ஏறாது. காரியத்தின் மேல்தான் ஏறும். ‘இட் இஸ் நாட் பாசிபிள் ஃபார் மீ டு அட்டெண்ட்’, அல்லது சுருக்கமாக ‘ஐ கான்ட் அட்டெண்ட்’. லைக்லி மட்டும் இரண்டு பக்கமும் போகும்: ‘ஹி இஸ் லைக்லி டு கம்’ என்று ஆளோடும் வரும், ‘இட் இஸ் லைக்லி தட்’ என்றும் வரும்.

கூடவே இன்னொன்று: ‘மே கேன்’ என்று இரண்டு துணைவினையை அடுக்காதீர்கள், ‘மே பீ ஏபிள் டு’ என்று எழுதுங்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் ‘மைட் குட்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் ஊர் வழக்கு. நமக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ‘மேபி ஹி மைட் பிராபப்ளி கம்’ என்பதும் அதே நோய்தான். மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அழித்துவிடுங்கள்.

அறிகுறி: விபத்துக்கு ‘ஆப்பர்ச்சூனிட்டி’ இருக்கிறது என்று எழுதிவிட்டீர்கள்

‘வாய்ப்பு’ செய்த வேலை. ‘உயிரிழப்புக்கு வாய்ப்பு’ என்று தமிழிலேயே எழுதுகிறோம், கேட்க எனக்கு இன்னும் உறுத்தும். ஆப்பர்ச்சூனிட்டி நல்லதுக்கு மட்டும். கெட்டதுக்கு ரிஸ்க், இரண்டுக்கும் பொதுவாக சான்ஸ், பாசிபிலிட்டி. ‘பாசிபிலிட்டி டு ஃபெயில்’ அல்ல, ‘பாசிபிலிட்டி ஆஃப் ஃபெயிலிங்’.

அறிகுறி: ‘இன் கேஸ் இஃப்’

இரண்டும் வேறு. ‘மழை வந்தால் குடை எடுத்துக்கொள்கிறேன்’ என்பது இஃப். மழை வந்த பிறகுதான் குடை. ‘எதற்கும் இருக்கட்டும் என்று குடை எடுத்துக்கொள்கிறேன்’ என்பது இன் கேஸ். குடை இப்போதே கையில். ‘எதற்கும்’ பொருந்தினால் இன் கேஸ். சேர்த்து எழுதும் தேவை எப்போதும் வராது.

அறிகுறி: இலக்கணம் எல்லாம் சரி, ஆனாலும் நீங்கள் ‘லைக்லி’ என்றதை மேலதிகாரி வேறு எடையில் எடுத்துக்கொண்டார்

இது உங்கள் ஆங்கிலத்தின் குறை அல்ல. 1951இல் அமெரிக்க உளவுத்துறை சிஐஏவின் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, அந்த ஆண்டு யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பதை ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று எழுதியது. அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்டார். நடக்கும் என்பதற்கு 65, நடக்காது என்பதற்கு 35 என்றார் அறிக்கையில் பங்கெடுத்த ஷெர்மன் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதை மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். கென்ட் தன் சகாக்களிடம் போய் ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருவர் மனதில் 80க்கு 20, இன்னொருவர் மனதில் 20க்கு 80. எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட அதே சொற்றொடர்தான். எல்லாரும் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

1964இல் இதைப் பற்றி எழுதும்போது கென்ட் சொல்லுக்கு எண் கட்டிப் பார்த்தார்: பிராபபிள் என்றால் 75 சதவீதம் (12 முன்னே பின்னே), ஆல்மோஸ்ட் செர்ட்டன் என்றால் 93 சதவீதம் (6 முன்னே பின்னே). பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐபிசிசி அறிக்கைகளிலும் இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. அங்கே லைக்லி என்றால் 66 முதல் 100 சதவீதம், வெரி லைக்லி 90 முதல் 100. அன்லைக்லி என்பது 0 முதல் 33 வரை. அதாவது ‘அன்லைக்லி’ என்று அவர்கள் சொல்லும் ஒன்று, மூன்றில் ஒரு தடவை நடந்துவிடலாம்.

ஆகவே பணமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்ட அறிக்கையில், லைக்லி என்று எழுதும் இடத்தில் ‘அபவுட் 70 பர்சென்ட்’ என்று பக்கத்திலேயே ஓர் எண்ணையும் போடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். போன வாரம் வேறொரு வட்டு மெதுவானது. ‘ஐ சஸ்பெக்ட் இட் இஸ் ஃபெயிலிங், அபவுட் 70 பர்சென்ட்’ என்று எழுதினேன். அன்று மாலையே மாற்றிவிட்டார்கள்.